சராசரிப் பெண்ணைக் கண்டுபிடித்த செயலாளர்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன் பிறகு நெடுங்காலம் உருப்படியாக எதையும் கண்டுபிடிக்காமல் சும்மா உட்கார்ந்திருந்தது. இந்தக் குறையைத் தீர்த்து வைக்கக் குடிநீர் வாரிய ஊழியர் விளையாட்டு மன்றத்தின் கௌரவச் செயலாளர் முன்வந்தார். ஒரு டேப், ஒரு பென்சில், மூன்றே வாரம். "சராசரிப் பெண்"ணைக் கண்டுபிடித்துவிட்டார். இதற்காக இன்றுவரை யாரும் ஒரு பாராட்டுக் கூட்டம்கூடப் போடவில்லை என்றால், உலகம் நன்றி கெட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

யாரும் எழுதாத அந்த வரலாற்றை எழுதும் பொறுப்பு இந்த எளியவன் தலையில் விழுந்திருக்கிறது. செயலாளரைப் பற்றி இவனுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. அவருடைய இடுப்பளவு, வீட்டில் அவருக்கு இருக்கும் மரியாதை (இடுப்பளவைவிடக் குறைவு), அவர் கடைசியாக ஓடிய ஓட்டம் எல்லாமே தெரியும். கடைசியாக அவர் ஓடியது ஒரு பஸ்ஸைப் பிடிக்க. பஸ்தான் ஜெயித்தது. இதெல்லாம் எப்படித் தெரியும் என்று யாரும் குடைய வேண்டாம்.

செயலாளர் பில்லிங் பிரிவில் தலைமை எழுத்தர். பதினொரு வருஷமாக மன்றச் செயலாளர் பதவியையும் சுமந்து வருகிறார். வேறு யாரும் கேட்கவில்லை என்பதால் போட்டியின்றித் தேர்வு. அவருக்கு உலகத்தில் மிகவும் பிடித்த சொல் "நியாயம்". காலையில் பல் துலக்கும்போதே இரண்டு முறை சொல்லிப் பார்ப்பார். "நான் யாருக்கும் பாரபட்சம் பார்த்தது கிடையாது" என்று அவர் சொல்லும்போது கேட்பவர்களுக்குக் கண் கலங்கும். கொட்டாவி வந்தாலும் கண் கலங்கத்தான் செய்யும் என்பது வேறு விஷயம்.

அந்த ஆண்டு அவருடைய நியாய உணர்ச்சிக்கு ஒரு பெரிய சோதனை வந்தது. வாரியத்தின் மண்டல விளையாட்டுப் போட்டியில் பதக்கம் வாங்கும் தற்காலிக ஊழியர் நிரந்தரமாக்கப்படுவார் என்று ஒரு விதி இருந்தது. இவ்வளவு நல்ல விதியை எந்த அதிகாரி, எந்த மறதியில் இயற்றினார் என்று தெரியவில்லை. பெண்களுக்கான நானூறு மீட்டர் ஓட்டத்தை மண்டலத்தில் அந்த ஆண்டுதான் முதல்முறையாகச் சேர்த்திருந்தார்கள். அலுவலகத்துக்கு ஒரு பெண். பெயர் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் மண்டலத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

அலுவலக ஓட்டத்தில் மூன்று வருஷமாக முதலில் வருகிறவள் தண்ணீர்ப் பரிசோதனை லேபில் வேலை பார்த்தாள். எல்லோரும் அவளை மின்னல் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு பெண் குழந்தை. ஆறு வருஷமாகத் தற்காலிகம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வேலை நீட்டிப்பு உத்தரவு வரும்வரை அவளுக்குச் சோறு இறங்காது. மண்டலப் போட்டி அறிவிப்பு ஒட்டிய அன்று அவள் அதை நான்கு முறை படித்தாள். நான்கு முறையும் அதில் தன் பெயரைப் பார்த்தாள்.

ஐந்தாவது முறை அதைப் படித்தவள் மீட்டர் அக்கா.

மீட்டர் அக்கா இரண்டு வருஷமாக வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்துக் குறிப்பவள். அவளும் தற்காலிகம்தான். திருநங்கை. வீட்டை விட்டு வந்து, படித்து, பெயர் மாற்றி, வரிசையில் நின்று இந்த வேலையை வாங்கியவள். அறிவிப்பைப் படித்த கையோடு, ஒரு நீல ஃபைலைத் தூக்கிக்கொண்டு செயலாளர் மேஜைக்கு வந்தாள்.

"சார், மகளிர் நானூறு மீட்டருக்கு என் பேரையும் எழுதிக்கோங்க."

செயலாளர் பேனாவைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"மகளிர்லயா?"

"ஆமா சார்."

"அதாவது, மகளிர் பிரிவுல?"

"என் அப்பாயிண்ட்மெண்ட் ஆர்டர்ல பெண்ணுன்னு நீங்கதானே சார் டைப் அடிச்சுக் கொடுத்தீங்க?"

"அது ஆர்டர்மா. இது ஓட்டம். ஆர்டர்ல யாரும் யாரையும் முந்துறதில்ல."

மீட்டர் அக்கா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் செயலாளருக்கு வசதியாக இருந்திருக்கும்.

"கேள்வி வரும்னு தெரிஞ்சுதான் சார் வந்திருக்கேன். இந்த ஃபைல்ல எல்லாம் இருக்கு. எத்தனை வருஷமா ஹார்மோன் மாத்திரை சாப்பிடுறேன், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், டாக்டர் கடிதம். விவரம் தெரிஞ்சவங்க யாராவது படிச்சுப் பார்க்கட்டும். ஓடலாம்னா ஓடுறேன். கூடாதுன்னா காரணத்தைச் சொல்லுங்க, ஒதுங்கிக்கிறேன்."

"நீ ஓடுவியா முதல்ல? கோச்சிங் ஏதாவது?"

"நாய்தான் சார் கோச். தெருவுக்குத் தெரு துரத்துது. நான் ஆணா பெண்ணாங்கிற சந்தேகம் அதுங்களுக்கு ஒரு நாளும் வந்ததில்ல."

செயலாளர் ஃபைலை வாங்கி, "பரிசீலனையில்" என்று மேலே எழுதி வைத்தார். ஒரு காகிதத்தின் மேல் இந்தச் சொல்லை எழுதிவிட்டால் அதைப் படிக்க வேண்டியதில்லை என்பது அலுவலக மரபு.

மறுநாள் ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. "ஆண் உடம்போடு பெண்களுடன் ஓடுவது எந்த ஊர் நியாயம்? இப்படிக்கு, பாதிக்கப்பட்ட மகளிர்." கடிதம் ஸ்டோர் ரூமில் குழாய் கேட்டு எழுதும் படிவத்தின் பின்பக்கத்தில் இருந்தது. எழுத்து ஸ்டோர்கீப்பருடையது. இருபது வருஷமாக அதே கையெழுத்தில்தான் "ஸ்டாக் இல்லை" என்று படித்து வருகிறார் செயலாளர். ஆனால் மொட்டைக் கடிதத்தின் ரகசியத்தைக் காப்பதும் நியாயத்தில் சேர்த்தி அல்லவா? ஆகவே எழுதியவர் யார் என்று தனக்கே தெரியாதபடி பார்த்துக்கொண்டார். பிறகு, "பாதிக்கப்பட்ட மகளிர்" சார்பில் கருத்துச் சொல்ல ஸ்டோர்கீப்பரையே குழுவில் போட்டார்.

ஆமாம், குழு. "மகளிர் விளையாட்டில் உடல்சார் நியாயத்துக்கான உயர்மட்டக் குழு". மாடியறையில் கூடியது. உறுப்பினர்கள் மூவர்: செயலாளர், ஸ்டோர்கீப்பர், குழாய்களுக்குப் படம் வரையும் டிராஃப்ட்ஸ்மேன். பெண் உறுப்பினருக்கென்று நான்காவதாக ஒரு நாற்காலி போடப்பட்டது. மகளிரின் கண்ணியம் கருதி அது கடைசிவரை காலியாகவே பாதுகாக்கப்பட்டது. ஸ்டோர்கீப்பர் மட்டும் அதில் அவ்வப்போது காலை நீட்டிக்கொண்டார்.

"இதுல ஆராய்ச்சி என்ன சார் கிடக்கு?" என்று அவர்தான் ஆரம்பித்தார். "ஆம்பளை உடம்புன்னா பெருசு. பொம்பளை உடம்புன்னா சிறுசு. அவ்வளவுதான்."

இதைச் சொன்னவரைவிட அவர் மனைவி அரையடி உயரம். அவர் வீட்டுப் பரணிலிருந்து பாத்திரம் இறக்குவது யார் என்பது அந்தத் தெருவுக்கே தெரியும். ஆனால் வீட்டு விஷயத்தை மன்றத்துக்குள் கொண்டுவருவது நாகரிகம் இல்லை.

"எவ்வளவு பெருசு, எவ்வளவு சிறுசு?" என்றார் டிராஃப்ட்ஸ்மேன். "அளவு வேணும் சார். குழாய்க்கே கூடக்குறைய மூணு மில்லிமீட்டர்னு வரம்பு வெச்சிருக்கோம். மனுஷிக்கு வேணாமா?"

"அந்தப் பொண்ணு ஒரு ஃபைல் கொடுத்திருக்கு" என்று செயலாளர் நினைவூட்டினார்.

"என்ன ஃபைல்?"

"மருத்துவம். ரத்தம், ரிப்போர்ட், அது இதுன்னு."

"நமக்குப் புரியுமா?"

"புரியாது."

"அப்ப திறக்காதீங்க சார். புரியாததைப் படிச்சா பாரபட்சம் வந்துடும்."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. ஃபைல் பறந்துவிடாமல் இருக்க அதன் மேல் குழாய் அளக்கும் இரும்பு டேப்பை வைத்தார்கள்.

இனி நியாயத்துக்கு ஓர் அளவுகோல் வேண்டும். யாருடைய உடம்பில் அநியாயமான அனுகூலம் இருக்கிறது என்று சொல்ல வேண்டுமானால், அனுகூலமே இல்லாத ஒரு பெண் முதலில் தேவை. அப்படி ஒருத்தியை எங்கே போய்த் தேடுவது? அப்போதுதான் செயலாளருக்கு அந்த ஞானோதயம் ஏற்பட்டது. எட்டு வருஷத்துக்கு முன்னால் பெண் ஊழியர்களுக்கு மழைக்கோட்டும் ரப்பர் பூட்ஸும் கையுறையும் கொடுத்தார்களே, அந்தச் சீருடை ஃபைலில் "பெண் ஊழியர் – பொது அளவு" என்று ஒரு தாள் இருக்கிறது. உயரம், தோள், கை, உள்ளங்கை, பாதம் எல்லாம் பதிவானது. அரசு முத்திரையும் குத்தியிருக்கிறது. முத்திரை குத்திய பெண்ணைவிடச் சராசரியான பெண் வேறு யார்?

டிராஃப்ட்ஸ்மேன் அந்த அளவுகளை வைத்து, ஒன்றுக்குப் பத்து என்ற விகிதத்தில், முன்தோற்றம், பக்கத்தோற்றம், மேல்தோற்றம் என்று மூன்று படங்கள் வரைந்தார். கீழே "எல்லா அளவுகளும் மில்லிமீட்டரில்" என்று எழுதினார். மேலிருந்து பார்த்தால் சராசரிப் பெண் தண்ணீர்த் தொட்டியின் மூடி போல இருந்தாள். மூவரும் எழுந்து நின்று கொஞ்ச நேரம் மரியாதையாகப் பார்த்தார்கள்.

"சிறுசா இருந்தா பரவாயில்லைதானே?" என்று டிராஃப்ட்ஸ்மேன் கேட்டார்.

"எப்படிப் பரவாயில்லை?" என்றார் ஸ்டோர்கீப்பர். "சிறுசா இருந்தா எடை கம்மி. எடை கம்மின்னா வேகம். பெருசும் அனுகூலம், சிறுசும் அனுகூலம்."

"சரியான பாயிண்ட்" என்றார் செயலாளர். நியாயத்தின் கத்திக்கு இரண்டு பக்கமும் கூர் வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

இதற்கிடையில் ஆண்கள் பட்டியல் முதல் நாளே மண்டலத்துக்குப் போய்விட்டது. நானூறு மீட்டருக்கு லாரியில் குழாய் ஏற்றும் லோடுமேன். ஆறேகால் அடி உயரம். வாசல் நிலையில் தலையை இடித்துக்கொள்ளாமல் அவர் ஒரு நாளும் உள்ளே வந்ததில்லை. அவருடன் ஓடியவர்களில் ஒருவர் செயலாளரின் தோள் உயரம்தான் இருப்பார். அவருக்கு இதில் ஏதாவது அநியாயம் தெரிகிறதா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவரே சிரித்திருப்பார்.

அளவெடுப்பு விழா லேபில், தண்ணீர் மாதிரிகள் அடைத்த பாட்டில்களுக்கு நடுவே நடந்தது. பெயர் கொடுத்திருந்த பெண்கள் ஆறு பேர். பாரபட்சம் வராமல் இருக்கத் தாளில் பெயர் கிடையாது, எண் மட்டும். பெண்கள் கூச்சப்படக் கூடாதே என்று செயலாளர் தானே முன்னால் நின்று, "பாருங்க, இப்படித்தான்" என்று தன் உடம்பிலேயே டேப்பைச் சுற்றி, முதலில் ஒரு செய்முறை காட்டினார். ஸ்டோர்கீப்பர் கடமை தவறாதவர். அதையும் மிச்சமிருந்த ஒரு தாளில் குறித்துக்கொண்டார்.

கேன்டீன் அக்கா: உயரம் நாற்பது மில்லிமீட்டர் அதிகம். அனுகூலம்.

டெலிபோன் ஆபரேட்டர்: கை நீளம் அதிகம். அனுகூலம்.

"ஓடுறதுக்குக் கை எதுக்கு சார்?" என்றாள் ஆபரேட்டர்.

"வீசுறதுக்கும்மா. காத்தைக் கிழிக்கும்."

அடுத்தது மின்னல். டேப்பை அவள் பாதத்தில் வைத்த ஸ்டோர்கீப்பரின் முகம் இருண்டது. "பாதம் பதினெட்டு மில்லிமீட்டர் கம்மி. பெரிய அனுகூலம்."

"சின்னக் கால் அனுகூலமா?" மின்னலுக்குக் குரல் உயர்ந்தது. "ஆபீஸ்ல கொடுத்த பூட்ஸ் பெருசா இருக்குன்னு வருஷக்கணக்கா எல்லாரும் உள்ள பேப்பர் திணிச்சுப் போட்டுட்டிருக்கோம். அது யாருக்கு சார் அனுகூலம்?"

"பூட்ஸ் சரியாத்தான் இருக்கு. உங்க கால்தான் தப்பு" என்றார் ஸ்டோர்கீப்பர். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடமே ஆடுகிறவளைக் கோணல் என்றது.

கடைசியாக மீட்டர் அக்கா வந்து நின்றாள். மூவரும் சற்று நிமிர்ந்தார்கள். குழுவே இவளுக்காகத்தானே? டேப் மேலும் கீழுமாகப் போயிற்று. ஸ்டோர்கீப்பர் இரண்டு முறை தோளை அளந்தார்.

"ஆறு மில்லிமீட்டர்" என்றார், ஏமாற்றத்தோடு. "கம்மி."

மீட்டர் அக்கா சிரித்துவிட்டாள். "ரொம்பப் பெருசுன்னு சொல்லுவீங்கன்னு பயந்துட்டே வந்தேன் சார். நம்மள யாரும் பார்க்கக் கூடாதுன்னு சின்ன வயசுலேர்ந்து தோளைக் குறுக்கிக் குறுக்கி நடந்தேன். அதுல தேஞ்சிருக்கும்."

ஸ்டோர்கீப்பர் டேப்பைச் சுருட்டினார். அது வழக்கத்தைவிடச் சத்தமாகச் சுருண்டது.

அன்று மாலை செயலாளர் லேபில் மறந்து வைத்த கண்ணாடியை எடுக்கப் போனார். உள்ளே இரண்டு பெண்களும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒட்டுக் கேட்பது தவறு என்று அவருக்குத் தெரியும். ஆகவே கதவுக்கு வெளியே, காதை மட்டும் உள்ளே விட்டுக்கொண்டு நின்றார்.

"ஒளிக்காம சொல்றேன்" என்றாள் மின்னல். "நீ பேர் கொடுத்த அன்னைக்கு எனக்குப் பயம் வந்துடுச்சு. ஆறு வருஷமா காத்துட்டிருக்கேன். நீ தெருவுல நாய்க்கு ஓடும்போது பார்த்திருக்கேன், உன் எட்டு ஒவ்வொண்ணும் என் எட்டுக்கு ஒண்ணரை இருக்கும். நான் உழைச்சு வந்தது. உனக்குப் பிறப்புலயே ஏதாவது சேர்ந்து வந்திருந்தா? அது நியாயமான்னு கேக்க எனக்கு உரிமை இல்லையா?"

"இருக்குக்கா. எனக்கே அந்தக் கேள்வி இருக்கு. மாத்திரை ஆரம்பிச்சப்புறம் மூணு மாடி ஏறவே மூச்சு வாங்கிச்சு, பழைய வேகம் பாதி போயிடுச்சு. ஆனா இன்னும் மிச்சம் இருக்கா இல்லையான்னு நானா எப்படிச் சொல்ல முடியும்? எனக்கும் இந்த வேலைதான்க்கா இருக்கு. இது போச்சுன்னா திரும்பிப் போக எனக்கு வீடு கிடையாது. அதான், யாராவது படிச்சுட்டு ஒழுங்கா ஒரு பதில் சொல்லட்டும்னு ஃபைலைக் கொடுத்தேன்."

"படிச்சாங்களா?"

"அது மேல டேப்பை வெச்சிருக்காங்க."

செயலாளருக்கு மனசு பிசைந்தது. உண்மையாகவே பிசைந்தது, இந்த வரலாற்றில் இது ஒன்றைக் கேலி இல்லாமல் எழுதலாம். இரண்டு பேருக்கும் பயம். இரண்டு பேருமே ஒருத்தியை ஒருத்தி ஏமாற்றவில்லை. மூன்று வாரமாக மாடியறையில் பேசியதில் இந்த ஐந்து நிமிஷப் பேச்சில் இருந்த அறிவு இல்லை. உள்ளே போய், "வாங்கம்மா, மூணு பேருமா உட்கார்ந்து இந்த ஃபைலைப் படிப்போம்" என்று சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தார். ஆனால் குழுவின் பரிந்துரை வராமல் நல்லவராவது நடைமுறைக்கு விரோதம். கண்ணாடி இல்லாமலே வீட்டுக்குப் போனார்.

வியாழக்கிழமை மதியம் முடிவு அறிவிப்புப் பலகையில் ஏறியது. கண்ணாடி இல்லாத செயலாளர், டைப் அடித்ததைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தார். "மகளிர் நானூறு மீட்டர். உடல்சார் நியாயத் தகுதி பெற்றோர்: ஒருவர் மட்டும். தாள் எண் ஏழு." அதற்குக் கீழே, ஸ்டோர்கீப்பர் பட்டியலைச் சரிபார்த்து, ஏழாம் எண்ணுக்குரியவரைத் தெளிவாகக் குறிப்பிட்டிருந்தார்: "கௌரவச் செயலாளர்".

ஒரு மில்லிமீட்டர்கூடப் பிசகவில்லை. உயரம், தோள், கை, உள்ளங்கை, பாதம், எல்லாம் சராசரிப் பெண்ணோடு அச்சாகப் பொருந்தின.

பலகைக்கு முன்னால் கூட்டம் கூடிவிட்டது. பம்ப் ரூமிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். "வாழ்த்துகள் சார்" என்றாள் கேன்டீன் அக்கா. "நல்லா ஓடிட்டு வாங்க. நாங்க ஓரமா நின்னு கை தட்டுறோம்."

"இது டைப் பிழை" என்றார் செயலாளர்.

"பிழை இல்ல சார்" என்று ஸ்டோர்கீப்பர் பெருமையோடு சொன்னார். "ரெண்டு தடவை அளந்தது."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது என்பார்கள். குரங்குக்குத் தலைமை எழுத்தர் முகம் இருந்ததுதான் இதில் புதுமை.

வீட்டில் மனைவி சாப்பாடு போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். செய்தி அவளுக்கு முன்பே வந்துவிட்டது என்பது அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்ததில் தெரிந்தது.

"எப்படி என் அளவு அப்படியே பொருந்தும்? அதான் புரியல" என்றார் அவர்.

"ஏங்க, நிஜமாவே மறந்துட்டீங்களா? அந்தக் கோட்டு தைக்க டெய்லர் வீட்டுக்கு வந்தாரே. பொம்பளைங்க அளவு வேணும்னு கேட்டாரு. ஒவ்வொருத்தரையா யாரு போய்க் கேக்குறது, என்னையே அளந்து போட்டுக்கோ, எல்லாம் ஒண்ணுதான்னு சொன்னீங்க. நான்தானே டேப்பைப் பிடிச்சேன்."

செயலாளர் கையில் எடுத்த கவளம் வாய்க்குப் போகவில்லை.

"நீ அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"என்னைக் கேட்டீங்களா?"

பதினொரு வருஷ மன்ற வாழ்க்கையில், இருபத்தாறு வருஷ இல்லற வாழ்க்கையில், அவருக்குப் பதிலே கிடைக்காத கேள்வி இது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணி. மண்டலத்திலிருந்து விளையாட்டு அதிகாரி போன் செய்தார். அம்மையார் குரலில் அவசரம் இருந்தது.

"உங்க ஆபீஸ்ல மகளிர் நானூறு மட்டும் இன்னும் வரலையே?"

செயலாளர் நடந்த ஆராய்ச்சியை, கடைசிப் பகுதியைத் தவிர்த்து, விரிவாக எடுத்துரைத்தார்.

"சார், அளவு எதுக்கு? அந்தப் பொண்ணோட ஃபைலை அனுப்புங்க. எங்க டாக்டருங்க படிச்சுப் பார்த்து முடிவு சொல்லுவாங்க. சுலபமான விஷயம் இல்லதான், அவங்களுக்குள்ளயே ரெண்டு கருத்து உண்டு. ஆனா அவங்க உட்கார்ந்து படிப்பாங்க. உங்ககிட்ட இருந்து எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். அந்த ரெண்டு பேரும் நானூறு மீட்டரை எவ்வளவு நேரத்துல ஓடுறாங்க? போன வருஷம், அதுக்கு முந்தின வருஷம், இந்த வருஷம். அது தெரியாம யாருக்கு என்ன அனுகூலம்னு டாக்டரே ஆனாலும் எப்படிச் சொல்றது?"

"நேரமா?"

"ஓட்டப் பந்தயத்துல வேற எதை சார் பார்ப்பாங்க? பழசு இல்லைன்னாலும் பரவாயில்ல, இன்னைக்கு ஓட விட்டு நேரத்தைக் குறிச்சு அனுப்புங்க. விதி ஆபீஸுக்கு ஒருத்தர்தான், இருந்தாலும் ரெண்டு பேரையுமே இங்க சேர்த்துக்கிட்டு நாங்க பார்த்துக்கிறோம். அஞ்சு மணிக்குள்ள."

செயலாளர் மன்றப் பதிவேட்டை எடுத்தார். ஆண்கள் பக்கம் கண்ணைப் பறித்தது. நொடி, நொடியில் பத்தில் ஒரு பங்கு, காற்றின் திசைகூட இருந்தது. பெண்கள் பக்கத்தைத் திருப்பினார். பதினொரு வருஷத்துக்கும், அவருடைய அழகான கையெழுத்தில், வருஷத்துக்கு ஒரே ஒரு வரி. "மகளிர் ஓட்டம் இனிதே நடைபெற்றது."

காரணம் வேறொன்றும் இல்லை. பெண்கள் ஓட்டம் எப்போதும் மதியம் ஒரு மணிக்கு. அந்த நேரத்தில் சிறப்பு விருந்தினரும் நேரம் குறிப்பவர்களும் செயலாளரும் சாப்பிடப் போய்விடுவார்கள். மின்னல் மூன்று முறை ஜெயித்தது ஊருக்கே தெரியும். எத்தனை நொடியில் ஜெயித்தாள் என்பது அவளுக்கே தெரியாது.

நான்கு இருபத்தைந்துக்குத்தான் இரண்டு பெண்களும் அலுவலக மைதானத்துக்கு ஓடி வந்தார்கள். மைதானம் என்பது தண்ணீர் லாரிகள் நிற்கும் முற்றம். லாரிகள் நாலரைக்குத் திரும்பிவிடும், அதற்கு மேல் அங்கே ஆள் நடக்கவே இடம் இருக்காது. துணி மாற்ற நேரமில்லை. மின்னல் லேப் கோட்டைக் கழற்றி எறிந்தாள். மீட்டர் அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றாள். ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். "விட்டுக் கொடுக்காதே" என்றாள் மின்னல். "நீங்களும்தான்க்கா" என்றாள் மீட்டர் அக்கா.

செயலாளர் கழுத்தில் ஸ்டாப் வாட்ச் தொங்கியது. கை தட்டினார். ஓடினார்கள்.

பதினொரு வருஷத்தில் அவர் பெண்கள் ஓடிப் பார்ப்பது அதுதான் முதல் முறை. முதல் வளைவில் மின்னல் முன்னால். எதிர்ப்பக்கம் போகும்போது மீட்டர் அக்காவின் நீள எட்டு மெல்ல அவளை எட்டிப் பிடித்தது. மின்னல் விடவில்லை, அவளுக்கு எட்டு குட்டை, ஆனால் தரையில் பட்ட கால் பட்ட கணத்தில் மேலே வந்தது. கடைசி வளைவில் இருவர் தோளும் ஒன்றாக வந்தன. செயலாளர் தன்னை அறியாமல் "ஓடு, ஓடு" என்று கத்தினார். யாரைப் பார்த்துக் கத்தினார் என்று அவருக்கே தெரியாது. பத்து அடி இருக்கும்போது ஸ்டாப் வாட்ச் நினைவு வந்து குனிந்து பார்த்தார். பூஜ்யம். ஆரம்பத்தில் அதை அமுக்கவே இல்லை. பதறி அமுக்கினார். நிமிர்ந்தபோது இருவரும் கோட்டைத் தாண்டியிருந்தார்கள்.

வாட்ச் இப்போது மிகத் துல்லியமாக ஓடியது. அவர்கள் ஓடிய நேரத்தை அல்ல, ஓடி முடித்து மூச்சு வாங்கும் நேரத்தை.

"எவ்வளவு சார்?" மின்னல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

செயலாளர் வாட்சைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார்.

"சரி, யாரு சார் முதல்ல?" என்றாள் மீட்டர் அக்கா.

அதுவும் தெரியவில்லை. அந்த ஒரு கணம்தான் குனிந்திருந்தது. ஓடிய இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கும் என்றே தோன்றியது. ஆனால் இருவரும் வாய் திறக்கவில்லை. சொல்ல வேண்டிய ஆள் வேறு ஒருவர் என்பதால் இருவரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஆமாம், என்னைத்தான். இவ்வளவு நேரம் செயலாளர், செயலாளர் என்று மரியாதையாகச் சொல்லி வந்தது என்னைத்தான். என்னைப் பற்றி நானே எழுதினால் மரியாதை குறைந்துவிடுமே என்று பார்த்தேன்.

"இன்னொரு தடவை ஓடுறோம் சார்" என்றாள் மின்னல். அவள் உதடு வெளுத்திருந்தது. மீட்டர் அக்கா ஏற்கெனவே கோட்டில் போய் நின்றுவிட்டாள். அதற்குள் லாரிகள் ஹார்ன் அடித்துக்கொண்டு உள்ளே வர ஆரம்பித்தன. நான் கையை நீட்டி மறித்தேன். டிரைவர் தலையை வெளியே நீட்டி, "பொம்பளைங்க ஓட்டம்தானே சார், நாளைக்கு வெச்சுக்கலாம்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

ஐந்துக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது விண்ணப்பத்தை அனுப்பினேன். இரண்டு பெயர்களையும் எழுதினேன். நீல ஃபைலையும் இணைத்தேன். நேரம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல், கை பழக்கத்தில், "இனிதே நடைபெற்றது" என்று எழுதினேன். திங்கட்கிழமை பதில் வந்தது. "நேரம் குறிப்பிடப்படாத விண்ணப்பங்கள் நிராகரிக்கப்படுகின்றன." எந்த டாக்டரும் அந்த ஃபைலைத் திறக்க வேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

நான் யாருக்கும் பாரபட்சம் காட்டவில்லை என்பதை இத்துடன் பதிவு செய்கிறேன். மின்னல் தற்காலிகம். மீட்டர் அக்கா தற்காலிகம். நான் மட்டும்தான் நிரந்தரம்.